இடிக்கத் தகுந்தவை எனக் கருதப்பட்ட 22 வீடுகள்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகர மையத்தை அடுத்துள்ள தேர்டு வார்டு, அடிமைமுறை ஒழிந்த பின்னர் கறுப்பின மக்கள் வேரூன்றி வளர்ந்த பழைய குடியிருப்புப் பகுதிகளுள் ஒன்று; விடுதலை பெற்றவர்கள் தமக்குள் பணம் திரட்டி 1872இல் வாங்கிய 10 ஏக்கர் எமன்சிபேஷன் பூங்கா இன்றும் அங்கே இருக்கிறது. அப்பகுதியின் ஹோல்மன் தெருவில் 1930களைச் சேர்ந்த 22 சிறு மர வீடுகள், 1990களின் தொடக்கத்தில், ஆளில்லாமல் பாழடைந்து போதைப்பொருள் விற்பனைக்கு இடமாகி, இடிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று கருதப்படும் நிலையை அடைந்திருந்தன. 1993இல் ரிக் லோ, ஜெஸ்ஸி லாட், ஃபிளாய்ட் நியூசம் உள்ளிட்ட ஏழு கறுப்பினக் கலைஞர்கள் அவற்றை மீட்கத் தொடங்கிய முயற்சியே ‘புராஜெக்ட் ரோ ஹவுசஸ்’ ஆகும்.

ரிக் லோ அதுவரை சமூக அவலங்களைப் பெரிய ஓவியங்களாகத் தீட்டிவந்தவர். அவருடைய ஓவியக்கூடத்தைப் பார்க்க வந்த பள்ளி மாணவர் ஒருவர், தங்கள் துன்பங்கள் தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவைதாம் என்றும், கலைஞர் படைப்பாற்றல் உடையவரென்றால் அவற்றுக்குத் தீர்வு ஒன்றைப் படைக்கலாமே என்றும் கேட்டது தம்மை மாற்றியதாக லோ பலமுறை கூறியிருக்கிறார். மனிதர் கூடி வாழும் முறையையே கலைப்படைப்பாகச் செதுக்கலாம் என்னும் ‘சமூகச் சிற்பம்’ என்ற கருத்தை ஜெர்மானியக் கலைஞர் ஜோசப் பாய்ஸிடமிருந்து அவர் பெற்றார். எனினும், அதற்கு உருவம் தந்தவை தேர்டு வார்டின் வீடுகளும், அவற்றை ஓவியங்களில் மதிப்புடன் பதிவுசெய்த ஜான் பிகர்ஸின் பார்வையுமே. டெக்சாஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தின் கலைத்துறையை நிறுவிய பிகர்ஸ், பிறர் வறுமையின் அடையாளமாகப் பார்த்த இவ்வீடுகளில் ஒரு சமூகத்தின் ஒழுங்கையும் அழகையும் கண்டவர்.

‘ஷாட்கன் வீடு’ எனப்படும் இவ்வகை வீடு ஓர் அறை அகலமே உடையது. அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைய, கதவுகள் நேர்வரிசையில் இருப்பதால், நம் ஊர்ப் பழைய வீடுகளில் உள்ளதுபோலவே வாசலில் நின்றால் கொல்லைப்புறம் தெரியும், காற்றும் தடையின்றி ஊடுருவிச் செல்லும். இவ்வடிவம் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஹைட்டி வழியாக நியூ ஆர்லியன்ஸுக்கு வந்ததென ஆய்வாளர் ஜான் மைக்கேல் விளாக் காட்டியுள்ளார். முகப்புத் திண்ணைகள் தெருவை நோக்கி அடுத்தடுத்து அமைந்திருப்பதால், அண்டைவீட்டார் ஒருவரையொருவர் பார்ப்பதும் பேசுவதும் பிள்ளைகளைக் கண்காணிப்பதும் அன்றாட வழக்கமாகின்றன. ஹூஸ்டனைப் போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான சிறுவீட்டை எளிதில் கற்பனை செய்ய முடியாது. அதை இடித்துத் தள்ள நினைத்தது அறியாமையே.

இவ்வீடுகளை மீட்டது நீடித்த நகர வடிவமைப்புக்கும் எடுத்துக்காட்டு. அத்தகைய வடிவமைப்பு என்பது, நிலத்தையும் கட்டடப்பொருளையும் ஆற்றலையும் வீணாக்காமலும், அங்கு வாழ்வோரை வெளியே தள்ளாமலும், பல தலைமுறைகளுக்கு நிலைக்குமாறு நகரை அமைப்பதாகும். ஏற்கெனவே கட்டப்பட்ட வீட்டில் மரமும் எரிபொருளும் மனித உழைப்பும் அடங்கியிருப்பதால், அதை இடித்துப் புதிதாகக் கட்டுவதைக் காட்டிலும் பழுதுபார்த்துப் பயன்படுத்துவதே பெரும்பாலும் சுற்றுச்சூழலுக்குக் குறைந்த சுமை. ஹோல்மன் தெருவில் அண்டை வீட்டாரும் தேவாலயத்தினரும் அருங்காட்சியக ஊழியர்களும் பிற தன்னார்வலர்களும் வீடுகளைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு குப்பை அகற்றி, மரம் மாற்றி, வண்ணம் பூசினர். சில வீடுகள் கலைஞர்கள் குறிப்பிட்ட காலத்துக்குத் தங்கள் படைப்புகளை அமைக்கும் கூடங்களாயின. அதைவிட முக்கியமானது, வேறு சில வீடுகளைத் தனித்து வாழும் இளந்தாய்மார்க்கு அளித்து, அவர்கள் படிப்பைத் தொடரவும் பிள்ளைகளை வளர்க்கவும் துணைநின்ற திட்டம். கலைக்கூடமும் குடும்பவீடும் ஒரே வரிசையில் இருப்பதால், அங்கே கலையைப் பார்க்க வருபவர் குடியிருப்பையும் காணாமல் திரும்ப இயலாது.

பின்னர் ரைஸ் பல்கலைக்கழகக் கட்டடக்கலை மாணவர்கள், பழைய வீடுகளின் அளவையும் திண்ணையையும் பின்பற்றி, குறைந்த செலவில் புதிய வீடுகளை வடிவமைத்துக் கட்டினர். புராஜெக்ட் ரோ ஹவுசஸ் வளாகம் இன்று ஐந்து தெருத்தொகுதிகளில் 39 கட்டடங்களாக விரிந்துள்ளது. 1939இல் திறக்கப்பட்டு, கறுப்பின இசைக்கலைஞர்களின் புகழ்பெற்ற அரங்காக விளங்கிய எல்டொராடோ பால்ரூமும் இவ்வமைப்பின் பொறுப்பில் சீரமைக்கப்பட்டு 2023இல் மீண்டும் திறக்கப்பட்டது. இப்பணியை முன்னெடுத்த லோவுக்கு, படைப்பாற்றல் மிக்கவர்களுக்கு வழங்கப்படும் மெக்கார்தர் நல்கை 2014இல் கிடைத்தது.

ஆயினும் இத்தகைய முயற்சிகள் அனைத்தையும் தொடரும் கடுமையான சிக்கல் ஒன்று இங்கும் உண்டு. ஓர் இடம் பாதுகாப்பாகவும் அழகாகவும் மாறினால், குறிப்பாக அது நகர மையத்துக்கு அருகில் இருந்தால், நிலவிலையும் சொத்துவரியும் வாடகையும் உயர்ந்து, அதை அழகாக்கியவர்களே வெளியேற நேர்கிறது. தேர்டு வார்டைச் சூழ்ந்து உயர்ந்துவரும் புதிய அடுக்குவீடுகள் அந்த நெருக்கடியைக் கண்ணெதிரே காட்டுகின்றன. நிலம் யாருடையது என்ற கேள்வியைத் தீர்க்காமல் சுவருக்கு வண்ணம் பூசுவதால் மட்டும் அந்த மக்களைக் காக்க முடியாது என்பதால்தான், 2003இல் வீட்டு வசதிக்கென ‘ரோ ஹவுஸ் சிடிசி’ என்ற தனி நிறுவனம் தொடங்கப்பட்டது. லாபநோக்கமற்ற அந்நிறுவனம் கட்டிப் பராமரிக்கும் வாடகை வீடுகள், குறைந்த வருமானமுள்ள குடும்பங்கள் அதே தெருக்களில் தொடர்ந்து வாழ வழிசெய்கின்றன.