வளர்ந்தோரின் எலும்புப் புற்றுநோயில் வேதிச்சிகிச்சையின் இடம்

முன்னுரை

எலும்பிலேயே முதலில் தோன்றும் புற்றுநோய்கள் அனைத்தும் ஒரே நோயல்ல. ஆஸ்டியோசர்கோமா, காண்ட்ரோசர்கோமா, யூயிங் சர்கோமா ஆகியன அவற்றுள் முதன்மையானவை. கீமோதெரபி எனப்படும் வேதிச்சிகிச்சை தேவையா என்பதை முதன்மையாகத் தீர்மானிப்பது கட்டியின் வகையே என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அறுவையின் எல்லை

1970-களுக்கு முன்னர் ஆஸ்டியோசர்கோமாவிற்கு உறுப்பை அகற்றுவதே சிகிச்சையாக இருந்தது. எனினும் நோயாளிகளுள் பெரும்பாலோர் பின்னர் நுரையீரல் பரவலால் இறந்தனர். கட்டி கண்டறியப்படும்போதே, படங்களில் புலப்படாத நுண்பரவல் நிகழ்ந்திருந்ததே இதற்குக் காரணம். 1986-இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வு, அறுவை மட்டும் பெற்றோருள் ஈராண்டுகள் நோய் மீளாதிருந்தோர் 17 விழுக்காடு எனவும், வேதிச்சிகிச்சையும் பெற்றோருள் 66 விழுக்காடு எனவும் காட்டியது.

மருந்துகளும் முறையும்

டாக்சோரூபிசின், சிஸ்பிளாட்டின், உயர் அளவு மெத்தோட்ரெக்சேட் ஆகியன ஆஸ்டியோசர்கோமாவிற்குரிய அடிப்படை மருந்துகள். இவை அறுவைக்கு முன்னும் பின்னும் அளிக்கப்படுகின்றன. அகற்றப்பட்ட கட்டியில் 90 விழுக்காடோ அதற்கு மேலோ உயிரணுக்கள் அழிந்திருப்பின் அது நல்ல விளைவாகக் கொள்ளப்படுகிறது. யூயிங் சர்கோமாவிலும் வேதிச்சிகிச்சை இன்றியமையாதது. அங்கு வின்கிரிஸ்டின், ஐபாஸ்பமைடு முதலிய வேறு மருந்துகள் பயன்படுகின்றன.

வளர்ந்தோருக்குரிய சிக்கல்

வளர்ந்தோரிடம் மிகுதியாகக் காணப்படுவது காண்ட்ரோசர்கோமா. அதன் வழக்கமான வகை மெதுவாக வளர்வது. வேதிச்சிகிச்சைக்குப் பெரும்பாலும் இணங்காதது. எனவே முழுமையான அறுவையே அங்கு முதன்மைச் சிகிச்சை. ஆஸ்டியோசர்கோமா உற்ற வளர்ந்தோரிடமோ உடலின் தாங்கும் ஆற்றல் தடையாகிறது. மெத்தோட்ரெக்சேட்டைச் சிறுநீரகமே வெளியேற்றுகிறது. ஆகவே லூகோவோரின் என்னும் காப்பு மருந்தும் இரத்த அளவுக் கண்காணிப்பும் தேவை. வயது ஏறுந்தோறும் இம்மருந்தைத் தாங்குதல் கடினமாவதால், முதியோருக்கு அது தவிர்க்கப்படுவதுண்டு. டாக்சோரூபிசின் இதயத்தையும், சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் செவிப்புலனையும் பாதிக்கக்கூடும்.

முடிவுரை

வேதிச்சிகிச்சை அழிக்க முயல்வது கண்ணுக்குத் தெரியும் கட்டியை மட்டுமன்று. தெரியாத பரவலையும் ஆகும். அப்பரவலை மருந்து எட்டும் வகையில் அதனைக் கைவிடுதல் உயிருக்கு ஆபத்து. எட்டாத வகையில் அதனை அளித்தல் பயனற்ற துன்பம். இவ்விரண்டையும் பிரித்தறியத் துணைபுரிவது, சிகிச்சைக்கு முன் செய்யப்படும் திசு ஆய்வேயாகும்.