வானிலிருந்து இறங்கும் கொக்கி: நோயாளியின் குடும்பம் அறிய வேண்டியவை

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. மரக்காணம் உப்பளங்களில் பாத்தி எது, வரப்பு எது என்று பிரித்தறிய முடியாதபடி வெள்ளம் பரவியது. அதன் பின்னர் ஒருநாள், வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் தம் தாயாரை அழைத்து வந்த ஒருவர் என்னிடம் கேட்டார்: "சார், அடுத்த தடவ ரோடு மூழ்கிட்டா ஹெலிகாப்டர்லதான் தூக்கணும்னு சொல்றாங்க. கயித்துல கட்டித் தொங்கவிட்டுத்தான் தூக்குவாங்களாமே. அந்தக் கயிறு அறுந்துட்டா?"

அவர் உப்பளத் தொழிலாளி. உப்புக் காற்றில் இரும்பு எத்தனை நாள் தாங்கும் என்பதை என்னைவிட நன்கு அறிந்தவர். ஆகவே "பயப்படாதீர்கள்" என்ற ஒற்றைச் சொல்லால் அவரை அனுப்பிவிட மனம் வரவில்லை. அன்று அவருக்குச் சுருக்கமாகச் சொன்னதையே இங்கு விரிவாக எழுதுகிறேன்.

வெளியே இருப்பதற்குத் தனி விதி ஏன்?

மீட்பு ஹெலிகாப்டரின் கதவுக்கு மேலே, உடலுக்கு வெளியே பொருத்தப்பட்டிருக்கும் சுருள் இயந்திரமே வின்ச். அதிலிருந்து இறங்குவது கயிறு அன்று. பல எஃகு இழைகளை முறுக்கிச் செய்த, ஏறத்தாழ 5 மி.மீ. தடிமனுள்ள கம்பிவடம். அதன் நுனியில் கொக்கி இருக்கும். வின்ச் மட்டுமின்றித் தேடுவிளக்கு, கேமரா, ஒலிபெருக்கி போன்றவையும் வெளியே பொருத்தப்படுவதுண்டு.

உள்ளே வைத்த பொருளுக்கும் வெளியே பொருத்திய பொருளுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. வெளியே இருப்பது காற்றை எதிர்க்கும். ஒரு பக்கமாக எடையைக் கூட்டிச் சமநிலையை மாற்றும். கழன்றால் வால் விசிறியில் சிக்கி ஹெலிகாப்டரையே வீழ்த்தக்கூடும். கடற்கரையில் பறக்கும்போது உப்பு அதை அரிக்கும். இதனால்தான் ஒரு தேடுவிளக்கைக்கூட விருப்பம்போல் வெளியே பொருத்திவிட முடியாது. பயணிகள் ஹெலிகாப்டர் என்றால் விமானப் போக்குவரத்து இயக்குநரகமும், இராணுவ ஹெலிகாப்டர் என்றால் பெங்களூருவில் உள்ள செமிலாக் அமைப்பும் வடிவமைப்பைச் சோதித்து ஒப்புதல் தர வேண்டும். கடல்மேல் பறந்து திரும்பிய பின் நன்னீரால் கழுவுவதும், வடத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்து அறுந்த இழை உண்டா எனச் சோதிப்பதும் பராமரிப்புப் பணியின் பகுதிகள்.

பழைய வரலாறு

ஹெலிகாப்டர் நோயாளியைச் சுமந்த கதை நமக்கு அண்டையிலேயே தொடங்குகிறது. 1944 ஏப்ரலில் அசாமின் லாலாகாட் தளத்தைச் சேர்ந்த அமெரிக்க ஹெலிகாப்டர் ஒன்று, பர்மாக் காட்டில் சிக்கியிருந்த காயமுற்ற வீரர்களை ஒவ்வொருவராகக் கொண்டுவந்தது. கொரியப் போரில் (1950–53) சிறிய பெல் 47 ஹெலிகாப்டர்களின் இருபுறமும் வெளியே ஸ்ட்ரெச்சர்களைப் பொருத்திக் காயமுற்றோரை ஏற்றிச் சென்றனர். உயிர்கள் காக்கப்பட்டன, ஆனால் பறக்கும்போது நோயாளியைத் தொட்டுப் பார்க்க வழியில்லை. இன்று நோயாளியை இயன்ற விரைவில் உள்ளே கொண்டுவருவதே முறை.

வின்ச் மூலம் மனிதரைத் தூக்கிய முதல் மீட்பு 1945 நவம்பர் 29 அன்று அமெரிக்காவின் கனெக்டிகட் கடலோரத்தில் நடந்தது. புயலில் சிக்கிய படகிலிருந்து இருவர் தூக்கப்பட்டனர். இரண்டாமவரைத் தூக்கும்போது வின்ச் பாதியில் சிக்கிக்கொண்டது. கதவுக்குக் கீழே தொங்கியபடியே அவர் கரை சேர்ந்தார். முதல் நாளிலேயே பயனும் ஆபத்தும் சேர்ந்தே தெரிந்துவிட்டன.

எதிரெதிரான இரு கட்டளைகள்

இந்த விதிகளின் நடுவே ஒரு கடினமான முரண் இருக்கிறது. தொங்கும் சுமை தவறுதலாக ஒருபோதும் விடுபடக் கூடாது. ஆனால் வடம் மரத்திலோ மின்கம்பியிலோ சிக்கி ஹெலிகாப்டரைக் கீழே இழுத்தால், நொடியில் அதை விடுவிக்கவும் முடிய வேண்டும்.

2024 ஆகஸ்ட் 31 அன்று கேதார்நாத் அருகே இது கண்கூடாயிற்று. பழுதடைந்த ஒரு ஹெலிகாப்டரை விமானப்படையின் எம்ஐ-17 தொங்கவிட்டபடி கொண்டு சென்றது. சுமை ஊசலாடி, சமநிலை குலையத் தொடங்கியதும் விமானி ஆளில்லாத பள்ளத்தாக்கில் அதை விடுவித்தார். எவருக்கும் காயமில்லை. பொருள் என்றால் முடிவு எளிது. தொங்குவது மனிதர் என்றால்?

அமெரிக்க விதிகள் வெளிச்சுமைகளை ஏ, பி, சி, டி என நான்கு வகையாகப் பிரிக்கின்றன. மனிதர் தொங்குவது டி வகையில் வருகிறது. இருப்பவற்றுள் கடுமையான நிபந்தனைகள் அதற்கே. ஹெலிகாப்டருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இன்ஜின் இருக்க வேண்டும். ஒன்று நின்றாலும் மற்றதைக் கொண்டு அதே எடையோடு அந்தரத்தில் நிற்க முடிய வேண்டும். பொருள் தூக்கும் கட்டமைப்பைச் சுமையின் 2.5 மடங்குக்குக் கணக்கிட்டால், மனிதரைத் தூக்குவதற்கு 3.5 மடங்கு வரை கணக்கிட வேண்டும். விடுவிக்கும் விசை ஒரே அழுத்தத்தில் இயங்கக் கூடாது. இரு தனிச் செயல்களைச் செய்தால்தான் திறக்க வேண்டும். மின்னலோ வானொலி அலையோ அதைத் தானாக இயக்கிவிடாதபடி காப்பு வேண்டும்.

இவ்வளவு இருந்தும் ஆபத்து முற்றிலும் நீங்கிவிடவில்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரலில் ஜார்க்கண்டின் தேவ்கர் அருகே திரிகூட மலையில் கம்பிவடக் கூண்டுகளில் பலர் சிக்கினர். விமானப்படை பலரை வின்ச் மூலம் மீட்டது. அந்த முயற்சியிலேயே, கதவருகே வந்துவிட்ட ஒருவர் நழுவி விழுந்து இறந்தார். மறுநாள் கயிறு அறுந்து ஒரு பெண்மணி விழுந்து இறந்தார்.

ஆகவே அந்த மகனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: அறுவது மிக அரிது; ஆனால் நடக்கவே நடக்காது என்று எவரும் உறுதி தர முடியாது. அந்த அரிதான ஆபத்தை மேலும் குறைப்பதில் தொங்குபவருக்கும் கீழே நிற்பவருக்கும் பங்கு உண்டு.

நோயாளியின் உடலுக்கு என்ன ஆகும்?

அக்குளுக்குக் கீழே சுற்றும் பட்டையில் தூக்கப்படுபவர் கைகளைத் தாழ்த்தி உடலோடு ஒட்டி வைத்திருக்க வேண்டும். கைகளை மேலே உயர்த்தினால் பட்டையிலிருந்து நழுவிவிடலாம். கதவு நெருங்கியதும் அதைப் பற்றிக்கொள்ளக் கை தானாக உயரும். அந்த ஆவலை அடக்க வேண்டும். உள்ளே இழுப்பது குழுவினரின் வேலை.

நெடுநேரம் நீரில் கிடந்தவரை இயன்றவரை படுத்த நிலையில் தூக்குவர். நீரின் அழுத்தம் கால்களிலுள்ள இரத்தத்தை இதயத்தை நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். நிமிர்ந்த நிலையில் திடீரென வெளியே எடுத்தால் அந்த அழுத்தம் நீங்கி, இரத்தம் கால்களில் தேங்கி, இரத்த அழுத்தம் சரியும். மயக்கம் வரலாம், இதயம் நின்றும் போகலாம்.

ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது கீழிருந்து ஒரு துணைக்கயிற்றைப் பிடித்துக்கொள்வர். இறக்கைகள் தள்ளும் காற்றில் ஸ்ட்ரெச்சர் சுழலாமல் இருப்பதற்காகவே அது. 2019 ஜூனில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் அந்தக் கயிறு அறுந்ததால், மலையில் காயமுற்ற முதிய பெண்மணி ஒருவர் ஸ்ட்ரெச்சரோடு பம்பரம்போல் சுழன்றார். உயிர் பிழைத்தார், தலைச்சுற்றலும் குமட்டலும் உண்டாயின. துணைக்கயிற்றைப் பிடிக்கக் குழுவினர் உங்களை அழைத்தால், அதை இடுப்பிலோ மரத்திலோ ஒருபோதும் கட்டாதீர்கள். கையுறை அணிந்து கையில் மட்டும் பிடியுங்கள்; விடச் சொன்னால் உடனே விடுங்கள்.

கர்ப்பிணிகளைத் தூக்க முடியுமா என்று பலர் கேட்கின்றனர். முடியும். 2018 ஆகஸ்ட் 17 அன்று கேரள வெள்ளத்தில், பனிக்குடம் உடைந்த ஒரு பெண்ணிடம் கடற்படையினர் முதலில் மருத்துவர் ஒருவரை வின்ச்சில் இறக்கினர். அவர் பரிசோதித்த பின்னரே அப்பெண்ணைத் தூக்கினர். அன்றே கொச்சி கடற்படை மருத்துவமனையில் ஆண் குழந்தை பிறந்தது.

குடும்பத்தினர் நினைவில் கொள்ள வேண்டியவை

• இறங்கி வரும் கொக்கியை உடனே பிடிக்காதீர்கள். சுழலும் இறக்கைகள் காற்றில் உராய்வதால் ஹெலிகாப்டரில் நிலைமின்சாரம் சேரும். கொக்கி தரையையோ நீரையோ தொட்ட பின்னரே தொட வேண்டும். கொக்கியை எதனோடும் கட்டக் கூடாது.

• உப்புக் குவியலை மூடிய தார்ப்பாய், கீற்று, தகரம் ஆகியவை கீழ்நோக்கி வீசும் காற்றில் பறக்கும். அவற்றிலிருந்து விலகி நில்லுங்கள். சேலைத் தலைப்பைச் செருகிக்கொள்ளுங்கள். துண்டு, தொப்பியைக் கழற்றிவிடுங்கள். கண்ணில் உப்பும் மணலும் விழாதபடி காத்துக்கொள்ளுங்கள்.

• ஹெலிகாப்டர் தரையில் நின்றால், குழுவினர் கைகாட்டிய பின் முன்புறமாக மட்டும் குனிந்து செல்லுங்கள். வால் பக்கம் போகவே கூடாது. சுழலும் வால் விசிறி கண்ணுக்குத் தெரியாது.

• நோயாளியின் எடையைச் சரியாகச் சொல்லுங்கள். நோய், பேஸ்மேக்கர், கர்ப்ப மாதம், முதுகெலும்புக் காயம் ஆகியவற்றைத் தூக்குவதற்கு முன்பே தெரிவியுங்கள். டயாலிசிஸ் நோயாளியின் பிஸ்டுலா எந்தக் கையில் என்று காட்டுங்கள். பட்டை அதை அழுத்தாமல் பார்த்துக்கொள்வர்.

• மருந்துச்சீட்டையும் மாத்திரைகளையும் நீர் புகாத உறையில் இட்டு நோயாளியின் ஆடைக்குள் வையுங்கள். சிறுநீர்ப் பையைக் காலிசெய்து உடலோடு ஒட்டுங்கள். தனிப் பை, ஆக்சிஜன் சிலிண்டர் ஆகியவற்றை விட்டுவரச் சொன்னால் வாதிடாதீர்கள்.

• உடன் வர இடமில்லை என்று குழுவினர் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். அது இரக்கமின்மை அன்று, எடைக் கணக்கு.

கடைசி வழி, முதல் வழி

இந்தக் கரைக்குப் புயல் புதிதன்று. 2011 இல் தானே, 2020 இல் நிவர், 2024 இல் ஃபெஞ்சல் என இதே கடலோரத்தைப் புயல்கள் தாக்கியிருக்கின்றன. 2023 டிசம்பர் தென்மாவட்ட வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து கர்ப்பிணி உள்ளிட்ட சிலரை விமானப்படை ஹெலிகாப்டர் மீட்டது. எனினும் புயல் வீசும்போது ஹெலிகாப்டர் பறக்க முடியாது. காற்று தணிந்த பின்னரே வரும். டயாலிசிஸ் தவறியவரின் உடலில் அதற்குள் பொட்டாசியம் ஏறியிருக்கும், நுரையீரலில் நீர் கோத்திருக்கும்.

எனவே புயல் எச்சரிக்கை வந்தவுடன், சாலை திறந்திருக்கும்போதே நோயாளியை மருத்துவமனைக்கு அருகிலுள்ள உறவினர் வீட்டுக்கோ முகாமுக்கோ அழைத்து வந்துவிடுங்கள். டயாலிசிஸ் செய்வோர் அடுத்த முறையை முன்கூட்டியே செய்துகொள்ள முடியுமா என்று எங்களைக் கேளுங்கள். நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கும் வீட்டில் ஆக்சிஜன் பயன்படுத்துவோருக்கும் இதுவே பொருந்தும். சிக்கிக்கொண்டால் ஆம்புலன்ஸுக்கு 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554 என்ற எண்களை அழையுங்கள்.

கேள்வி கேட்ட அந்த மகன், அடுத்த மழைக்காலத்தில் வானிலை எச்சரிக்கை வந்த அன்றே தம் தாயாரைத் திண்டிவனத்திலுள்ள அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டார். "அந்தக் கொக்கிக்கு வேல வைக்க வேணாம்னு பார்த்தேன் சார்" என்றார். அதைவிடப் பாதுகாப்பான விதி எதுவும் எனக்குத் தெரியவில்லை.