ஜூலையில் தானாக எரிந்த விளக்கு

மே மாதம் செய்த விளக்கு அது. செம்பூர் வீட்டில் அம்மாவின் கட்டிலோரம் வைத்தேன். இருட்டில் ஸ்விட்சைத் தேடித் தடவ வேண்டாம். தோல் உறைமேல் விரல் வைத்தால் எரியும், மறுபடி வைத்தால் அணையும். தோல், தாராவியில் பை தைக்கும் மாமா கொடுத்த வெட்டுத் துண்டு. அதன் உள்பக்கம் செம்பு நாடா ஒட்டி, ஒரு ஒயரை ஈஎஸ்பி32 என்ற மைக்ரோகன்ட்ரோலர் பலகையின் 4ஆம் பின்னில் பற்றவைத்தேன். ஜூலையில் ஒரு நள்ளிரவு, யாரும் தொடாமலே எரிந்தது.

"டேய், இதுக்குப் பேய் பிடிச்சிருக்கா பாரு" என்றாள் அம்மா.

பேய் இல்லை, மழை.

இந்த வகைத் தொடு சென்சார் விரலின் அழுத்தத்தையோ சூட்டையோ பார்ப்பதில்லை. செம்பு நாடா ஒரு குட்டிக் கெப்பாசிட்டர். மின்சாரத்தைக் கடத்தும் நம் உடம்பு அருகே வந்தால் அதன் கொள்ளளவு சில பிக்கோஃபாரட் கூடும். ஒரு பிக்கோஃபாரட் என்பது ஃபாரட்டில் லட்சம் கோடியில் ஒரு பங்கு! ஈஎஸ்பி32 அந்த நாடாவை ஓயாமல் மின்னேற்றி இறக்கி, குறித்த நேரத்துக்குள் எத்தனை சுற்று முடிந்தது என்று எண்ணுகிறது. கை பட்டால் சுற்று மந்தமாகும், எண் இறங்கும். (அதன் தம்பி எஸ்3 பலகையில் எண் ஏறும். பலகையை மட்டும் மாற்றிவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.)

மே மாதம் தொடாதபோது 70, தோலுக்கு மேல் தொட்டால் 48. நடுவில் 60 என்று கோடு போட்டேன். ஜூலையில் தொடாமலே 58. காற்றின் ஈரம் நேரடியாகச் செய்வது சொற்பம்தான்; தோல் அந்த ஈரத்தைக் குடித்துக்கொண்டதுதான் வினை.

வேறு சென்சார் தேடி, மின்னணுக் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோட்டுக்குப் போனேன். 1903 முதல் 1907 வரை பம்பாய் கவர்னராக இருந்தவர் பெயர்; தெருப் பெயர்ப்பலகையில் டாக்டர் பட்கம்கர் மார்க், வாயில் இன்னும் லேமிங்டன்தான். கடைக்காரர் டிடிபி223 என்ற தொடு சென்சார் பலகையை நீட்டினார். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது, விலை ஏறக்குறைய ஒரு வடாபாவ். சுற்றுப்புறத்துக்கு ஏற்பத் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். பன்னிரண்டு இடத்தில் தொட வேண்டுமென்றால் எம்பிஆர்121. விளக்கு மட்டும் போதும் என்பவர் முதலாவதை வாங்கி நிம்மதியாகத் தூங்கலாம். எனக்கு அந்தப் புத்தி இல்லை.

மாட்டுங்காவில் வாங்கிய எவர்சில்வர் டபராவையும் ஒயரில் கோத்துப் பார்த்தேன். பரப்பு பெரிது, கை நெருங்கினாலே எண் அசைந்தது. ரஷ்யாவின் லியோன் தெரமின் 1920 வாக்கில் தொடாமல் வாசிக்கும் வாத்தியம் செய்தது இதே சூட்சுமத்தில்தான்.

கடைசியில் நிலையான கோட்டை அழித்தேன். தொடாத நேரத்தின் சராசரியை விளக்கே எடுத்துக்கொள்ளட்டும். அதிலிருந்து 10 திடீரென இறங்கினால் மட்டும் விரல். நீண்ட நேரம் இறங்கியே கிடந்தால் அது ஈரம், அதையே புதிய சராசரியாக்கு. மழை தோற்றது.

மறுவாரம் அம்மா விளக்கின் மேல் கை வைத்தபடியே தூங்கிப்போனாள். விளக்கு அவள் கையையும் மழைக்கணக்கில் சேர்த்துவிட்டது. விழித்து, கையை எடுத்து, மறுபடி தொட்டாள், அசையவில்லை. மெல்ல இறங்கு, ஆனால் கை எடுத்தால் சட்டென்று ஏறு என்று இப்போது சராசரிக்கு இரண்டு வேகம் வைத்திருக்கிறேன்.