நெஞ்சு எரிவது ஏன்?



றமழான் மாதத்தில் மார்க்கத் தீர்ப்புக் கேட்டு வருவோரில் சிலர், உண்மையில் வைத்தியரிடம் கேட்க வேண்டியதையே என்னிடம் கேட்கின்றனர். "மௌலவி, அஸருக்குப் பிறகு புளித்த நீர் தொண்டை வரை வருகிறது. நோன்பு முறியுமா?" என்பது அவற்றுள் ஒன்று. தீர்ப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். தானாக மேலெழுந்து தானாக இறங்கிவிட்டால் நோன்பு முறியாது. வாய்க்குள் வந்துவிட்டால் துப்பிவிட வேண்டும். துப்ப முடிந்திருந்தும் வேண்டுமென்றே விழுங்கினால் முறிந்துவிடும். ஆனால் அந்நீர் ஏன் வருகிறது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டாமா?

உணவைச் செரிப்பதற்காக இரைப்பை ஐதரோகுளோரிக் அமிலத்தைச் சுரக்கிறது. அதன் காரத்தைத் தாங்கும் சளிப்படலம் இரைப்பைக்கு உண்டு. அதற்கு மேலே, சுமார் 25 சென்றிமீற்றர் நீளமுள்ள உணவுக்குழாய்க்கு அத்தகைய காப்பு இல்லை. இரண்டும் சந்திக்குமிடத்தில் வளையம் போன்றதொரு தசை இருக்கிறது. உணவு இறங்கும்போது திறந்து, பின் இறுகிக்கொள்வது அதன் வேலை. அளவுக்கு மீறி உண்ணும்போதும், கொழுப்புணவை மிகுதியாகக் கொள்ளும்போதும், புகைப்பழக்கத்தாலும், உடற்பருமனாலும், கர்ப்ப காலத்திலும் அது நெகிழ்ந்துவிடுகிறது. துருசுக் கதவு சரியாக இறுகாவிட்டால் குளத்து நீர் வேண்டாத நேரத்தில் வெளியேறுமல்லவா? அதுபோல அமிலம் மேல்நோக்கி வந்து உணவுக்குழாயைச் சுடுகிறது.

அவ்விடத்தை அறபு வைத்திய நூல்கள் 'ஃபமுல் மிஃதா', அதாவது இரைப்பையின் வாய் என்றன. கிரேக்கரோ இதயத்திற்கு வழங்கிய 'கார்டியா' என்ற சொல்லையே இதற்கும் வழங்கினர். நாமும் வயிற்றெரிவு என்னாது நெஞ்செரிவு என்கிறோம். இந்த மயக்கத்தால் விளையும் ஆபத்தைப் பின்னர் சொல்வேன்.

நம் நாட்டில் மேல்வயிற்றில் எது நேர்ந்தாலும் 'கேஸ்ட்ரைட்டிஸ்' என்ற ஒரே பெயர்தான். அது இரைப்பையின் உட்சுவரில் ஏற்படும் அழற்சியாகும். ஹெலிகோபக்டர் பைலோரி என்னும் பக்டீரியாவே பலருக்கு அதன் காரணம் என்பதை வெளிக்கொணர்ந்த அவுஸ்திரேலியர்களான பரி மார்ஷலும் ரொபின் வொரனும் 2005 இல் நோபல் பரிசு பெற்றனர். வயல் வேலையின் உளைவுக்காக டைக்குளோபினாக் போன்ற குளிசைகளை அடிக்கடி விழுங்குவதும் இரைப்பையைப் புண்ணாக்கும். அமிலம் மேலெழுவதோ வேறு. அதற்கு முதல் வைத்தியம் நாம் உண்ணும் முறையிலும் உறங்கும் முறையிலும் இருக்கிறது.

நம் நோன்பு இரவுகளை எண்ணிப் பாருங்கள். அதான் ஒலித்ததும் கஞ்சி, அதன் மேல் ரோல்ஸ், சமோசா, குளிர்பானம். தராவீஹ் முடிந்ததும் வாலிபர்களுக்குக் கொத்து ரொட்டி. ஸஹரில் வயிறு நிறைய உண்டு, ஸுப்ஹு தொழுததும் படுக்கை. வயிற்றில் உணவுக்கு ஒரு பங்கு, நீருக்கு ஒரு பங்கு, மூச்சுக்கு ஒரு பங்கு எனப் போதித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத், மூச்சுக்குரிய பங்கையும் சமோசாவுக்குக் கொடுத்துவிடுகிறது!

உண்டபின் மூன்று மணி நேரமாவது படுக்காதிருத்தல் வேண்டும். ஸஹருக்குப் பின் அது கடினமெனில் ஸஹரைச் சிறிதாக்குங்கள். தலையணைகளை அடுக்குவதால் வயிறு மடிந்து அழுத்தம் கூடும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களின் கீழ் கல் வைத்து 15 முதல் 20 சென்றிமீற்றர் வரை உயர்த்துவதே நன்று. இடப்புறம் சாய்ந்து படுத்தால் இரைப்பை தாழ்ந்து அமிலம் மேலெழுவது குறையும். "வலப்புறமல்லவா ஸுன்னத்?" என்று கேட்பீர்கள். ஆம், வலப்புறம் சாய்ந்து துஆ ஓதிப் படுங்கள். எனினும் அது விரும்பத்தக்கதே அன்றிக் கடமையன்று. எரிவு எழுப்புமாயின் இடப்புறம் திரும்பிக்கொள்வதில் குற்றமில்லை.

ஒமிப்பிரசோல் குளிசையை எரிவு வந்தபின் விழுங்கிவிட்டு, "குணமில்லை" என்போர் பலர். அது அமிலச் சுரப்பைத் தடுக்கும் மருந்து. முழுப்பலன் தர ஓரிரு நாட்கள் செல்லலாம். உணவுக்கு அரை மணி நேரம் முன்னரே உட்கொள்ள வேண்டும். வைத்தியர் அனுமதித்தால், நோன்பு திறந்ததும் நீருடன் விழுங்கி, மஃரிப் தொழுதுவிட்டு உண்ணுவது அதற்குப் பொருத்தமாக அமையும். வைத்தியரைக் காணாமல் மாதக்கணக்கில் பாமஸியில் வாங்கி விழுங்காதீர்கள். வீட்டில் பழைய ரனிட்டிடின் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். 2019 இல் அதில் புற்றுநோயை விளைவிக்கக்கூடிய மாசு கண்டறியப்பட்டதால் பல நாடுகள் அதை மீளப்பெற்றன. விழுங்குவதில் தடை, காரணமின்றி உடல் மெலிதல், இரத்த வாந்தி, கறுத்த மலம் இருப்பின் தாமதிக்கலாகாது.

இனி, அந்த மயக்கத்தின் ஆபத்து. ஸ்கந்தபுரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி, இஃப்தாருக்குப் பின் நெஞ்சு எரிகிறதென்று இஞ்சிப் பிளேன்டீ குடித்தார். பின்பு நெஞ்சை எதுவோ அமுக்குவது போலிருந்தது. இடத்தோளும் தாடையும் வலித்தன. "கேஸ்ட்ரைட்டிஸ்தான், குளிசை வாங்கி வா" என்று மகனை அனுப்பினார். பதினேழு வயதான அவன் பாமஸிக்குப் போகாமல், 2018 முதல் நம் மாகாணத்திலும் இயங்கும் இலவச அம்புலன்ஸ் சேவையின் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தான். வைத்தியசாலையில் ஈ.சி.ஜி. எடுத்ததும் மாரடைப்பு என்றனர். அவர் பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ். ஏன் அழைத்தாய் என்று பின்னர் மகனைக் கேட்டேன். "எரிவு என்று சொன்ன வாப்பாவின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது மௌலவி" என்றான்.