கிளவுஸ் வாங்கப் போறீங்களா? முதலில் தையலைப் பாருங்க

நம்ம மாவட்டத்தில் ஒரு வேடிக்கை இருக்கு. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தயாராகிற தோலும் ஷூவும் ஐரோப்பா வரைக்கும் போகுது. அந்தத் தோலைப் பதனிடுவதும், வெட்டுவதும், தைப்பதும் நம்ம ஊர்க் கைகள்தான். ஆனால் காலையில் காலேஜுக்கு வண்டி எடுக்கும்போது அதே ஊர்க் கைகளில் என்ன இருக்கு? பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. சிலர் வெயிலில் கறுத்துவிடும் என்று மெல்லிய துணி உறை மாட்டியிருப்பார்கள். சிலர் விரல் நுனி வெளியே தெரியும் ஜிம் கிளவுஸ் போட்டிருப்பார்கள். இரண்டுமே கீழே விழும் வரைக்கும்தான் கிளவுஸ்.

ஹெல்மெட் போடச் சொல்ல மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு இருக்கு. போடவில்லை என்றால் அபராதம். கிளவுஸுக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. போட்டாயா என்று யாரும் வழிமறித்துக் கேட்கப் போவதில்லை. அதனால் கடையில் "ஒரிஜினல் லெதர் சார்" என்று நீட்டுவதை நாமே பார்த்து எடை போடத் தெரிந்திருக்க வேண்டும். தோல் ஊரில் இருந்துகொண்டு அதுகூடத் தெரியாமல் இருக்கலாமா?

வண்டி சாயும்போது கை என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்க. நீங்கள் முடிவெடுக்கும் முன்பே அது தரையை நோக்கி நீண்டுவிடும். சின்னக் குழந்தை தடுக்கி விழுந்தாலும் அதே கதைதான். முதல் அடி உள்ளங்கையின் அடிப்பகுதிக்கு, கட்டைவிரல் மேடும் மணிக்கட்டும் சேரும் இடத்துக்கு. அங்கே ஸ்கஃபாய்டு என்று படகு வடிவத்தில் ஒரு சின்ன எலும்பு இருக்கு. கை தரையில் பிடித்துக்கொண்டு நின்றுவிட, உடம்பு மட்டும் முன்னால் போனால், மொத்த பாரமும் மணிக்கட்டை வளைத்து இந்த எலும்பில் இறங்கும். இதற்கு ரத்த ஓட்டம் குறைவு. முறிந்தால் கூடுவதற்கு மாசக் கணக்காகும். முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமல் போவதும் சகஜம். "சுளுக்குதான்" என்று விட்டுவிட்டு, பிறகு பேனா பிடிக்கவே சிரமப்படுகிறவர்கள் உண்டு.

அடுத்தது தோல். உள்ளங்கையில் இருப்பது தடித்த, முடியில்லாத, தனி வகைத் தோல். உடம்பில் அதே மாதிரி வேறு எங்கே இருக்கு? உள்ளங்காலில் மட்டும்தான். தொடையில் இருந்து எடுத்து ஒட்டலாம், ஆனால் பழைய பிடிமானமும் தொடு உணர்வும் அப்படியே திரும்பாது. கையின் அருமையை வேலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சையால் மறுபடியும் வேலை செய்ய வைத்தவர். அங்கே கை அறுவை சிகிச்சை மையம் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கு.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம், முதல் செமஸ்டர் பிசிக்ஸ்தான். வேகம் மணிக்கு 60 கி.மீ., அதாவது நொடிக்கு 16.7 மீட்டர். தார் ரோட்டுக்கும் உடைக்கும் இடையே உராய்வுக் கெழு சுமார் 0.6 என்று வைத்துக்கொள்ளுங்க. நிற்க ஆகும் நேரம் 2.8 நொடி, இழுபடும் தூரம் 23 மீட்டருக்கு மேல். அந்த மூன்று நொடிக்குக் கிளவுஸ் மூன்று வேலை செய்ய வேண்டும். கையை விட்டுக் கழலக்கூடாது, பிய்ந்து திறக்கக்கூடாது, தரையில் பிடிக்காமல் வழுக்க வேண்டும். வாங்கும்போது பார்க்க வேண்டியது எல்லாம் இந்த மூன்றிலிருந்துதான் வருகிறது.

கழலக்கூடாது என்பதை முதலில் சொல்லக் காரணம் இருக்கு. எவ்வளவு நல்ல தோலாக இருந்தாலும், கையை விட்டுப் பறந்துபோன கிளவுஸால் என்ன பிரயோஜனம்? மணிக்கட்டில் இறுக்கிக் கட்டும் ஸ்ட்ராப் கட்டாயம் வேண்டும். வெறும் எலாஸ்டிக் போதாது. கடையிலேயே சோதித்துப் பாருங்க. மாட்டி, ஸ்ட்ராப்பை இறுக்கி, நண்பரை விட்டு விரல் நுனிகளைப் பிடித்து நன்றாக இழுக்கச் சொல்லுங்க. உருவிக்கொண்டு வந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

இப்போ தோலுக்கு வருவோம். "லெதர்" என்கிற சொல் மட்டும் எதற்கும் உத்தரவாதம் ஆகாது. மாட்டுத் தோல் தடிமனானது, அதைப் படுக்கைவாட்டில் இரண்டாகப் பிளப்பார்கள். மேல் அடுக்கில் கிரெய்ன் இருக்கும், நார்கள் நெருக்கமாகப் பின்னியிருக்கும், வலு அதில்தான். கீழ் அடுக்குதான் ஸ்ப்ளிட். அதுவும் தோல்தான், பொய் இல்லை. ஆனால் நார் தளர்ந்தது, அதே தடிமனில் வலு குறைவு. அதன் மேல் பாலியூரித்தேன் பூசி, கிரெய்ன் மாதிரியே அச்சு போட்டு விற்றால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. விரலால் அழுத்தி மடக்கிப் பாருங்க. உண்மையான கிரெய்ன் என்றால் மெல்லிய, ஒழுங்கற்ற சுருக்கங்கள் விழும். பூச்சு என்றால் பெரும்பாலும் ஒரே கோடாக மடியும், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் போல எழும்பி நிற்கும். வெட்டு விளிம்பு எங்காவது தெரிந்தால் அங்கே உற்றுப் பாருங்க, பூச்சு தனி அடுக்காகத் தெரியும்.

என் ஓட்டு ஆட்டுத் தோலுக்கு. வெள்ளாட்டுத் தோல் மெல்லியதாக இருந்தும் கிழிபடாது, விரல் மடக்கினால் கூடவே மடங்கும், கிளட்ச் லீவரின் உணர்வு கைக்கு நன்றாகத் தெரியும். செம்மறித் தோல் தொட்டால் வெண்ணெய் மாதிரி இருக்கும், கடையில் மயக்குவதும் அதுதான். ஆனால் அதன் அடுக்குகள் சுலபமாகப் பிரிந்து கிழியும். கோட்டுக்கு அழகு, தார் ரோட்டுக்கு ஆகாது. கார் ஓட்டுவதற்கென்று விற்கும் மெல்லிய, முட்டிகளில் ஓட்டை வைத்த டிரைவிங் கிளவுஸும் அந்த ரகம்தான். ஸ்டியரிங் வழுக்காமல் இருக்கச் செய்தது, விழுந்தால் காக்கச் செய்ததல்ல. பைக்குக்கு அதை வாங்காதீங்க.

தலைப்பில் சொன்ன தையலுக்கு வருவோம். விழும்போது தோல் தேய்ந்து ஓட்டையாகும் முன்பே தையல் விட்டுவிடுவது அதிகம். இதைப் பார்க்க நம்ம ஊரில் ஆளுக்கா பஞ்சம்? வகுப்பில் யாராவது ஒருவர் வீட்டில் அம்மாவோ சித்தியோ ஷூ கம்பெனியில் அப்பர் தைப்பவராக இருப்பார். கிளவுஸைக் கொண்டுபோய் அவரிடம் கொடுங்க. நீங்கள் பிராண்டைப் பார்ப்பீங்க, அவர் திருப்பிப் போட்டு நூலைப் பார்ப்பார். நூல் நைலானோ பாலியஸ்டரோ ஆக இருக்கணும். பருத்தி நூல் வியர்வையில் நாளாக ஆக இற்றுப்போகும். உள்ளங்கைப் பக்கம் இரட்டைத் தையல் இருக்கணும். முக்கியமாக, உள்ளங்கை முடிந்தவரை ஒரே துண்டாக இருக்கணும். தரையில் தேயும் இடத்தில் எத்தனை இணைப்போ அத்தனை பலவீனம்.

ஒன்று கவனிங்க, தையல் நெருக்கமாக இருந்தால் வலு என்று நினைக்க வேண்டாம். தபால் தலைகளுக்கு நடுவே ஏன் வரிசையாக ஓட்டை போடுகிறார்கள்? சுலபமாகக் கிழிக்கத்தானே? ஊசி ஓட்டை ஒவ்வொன்றும் ஒரு தகைவுக் குவிமையம். மெக்கானிக்கல் மக்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

வழுக்குவதற்காகத்தான் உள்ளங்கை அடிப்பகுதியில் கெட்டியான, வழவழப்பான ஒரு வில்லை வைக்கிறார்கள். பாம் ஸ்லைடர் என்று பெயர். கை தரையைப் பிடித்து நிற்காமல் சறுக்கிப் போனால் ஸ்கஃபாய்டு மேல் விழும் பாரம் குறையும். அந்த இடத்தில் சிலர் கிரிப்புக்காக ரப்பர் வைத்துத் தைத்து விற்கிறார்கள். சரியாக நேர் எதிரான வேலை! முட்டிகளின் மேல் வரும் நக்கிள் கார்டு எல்லோருக்கும் கண்ணில் படும், சினிமாவில் பார்த்த கெத்தும் அதில் இருக்கு. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் ஸ்லைடரை எடுங்க.

ஐரோப்பாவில் இதற்கென்றே இ.என். 13594 என்று ஒரு தரநிலை இருக்கு. உள்லேபிளில் பைக் ஓட்டுபவரின் சின்னப் படமும் 1 அல்லது 2 என்ற நிலையும் இருக்கும். நக்கிள் பாதுகாப்பு சோதனையில் தேறியிருந்தால் கே.பி. என்றும் போட்டிருக்கும். சொரசொரப்பான பட்டையில் தேய்க்கும் சோதனையில் நிலை 1-க்குக் குறைந்தது 4 நொடி, நிலை 2-க்கு 8 நொடி தாங்க வேண்டும். கழல்கிறதா என்று இழுத்துப் பார்ப்பதும், தையல் வலுவும் அதில் அடக்கம். அந்த 4 நொடியையும் நாம் மேலே போட்ட 2.8 நொடியையும் நேருக்கு நேர் ஒப்பிடக்கூடாது, ஆய்வகப் பட்டை வேறு, நாட்றம்பள்ளி ரோடு வேறு. இரண்டு கிளவுஸில் எது மேல் என்று சொல்ல அது உதவும், அவ்வளவுதான். வெறும் சி.இ. என்று மட்டும் போட்டு, இந்த எண் இல்லாமல் இருந்தால் அதை நம்பி வாங்க வேண்டாம்.

அளவு சொல்லிவிடுகிறேன். கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையைச் சுற்றி டேப்பால் அளங்க. 8 அங்குலம் என்றால் சைஸ் 8, பெரும்பாலும் அதுதான் மீடியம். கையை விரித்துப் பார்த்து முடிவு செய்யாமல் ஹேண்டில் பாரைப் பிடித்துப் பாருங்க. விரல் நுனி முட்டக்கூடாது, உள்ளங்கையில் தோல் மடிந்து குவியவும் கூடாது. தோல் போகப் போகக் கொஞ்சம் இளகும், அதனால் புதிதில் சற்றே இறுக்கமாக இருப்பது நல்லது.

"வேலூர் வெயிலில் இதெல்லாம் மாட்ட முடியுமா?" நியாயமான கேள்விதான். ஏப்ரல், மே மாதத்தில் முழுத் தோல் கிளவுஸ் மாட்டினால் கை வெந்துவிடும், பத்தாவது நாள் அது மேசை டிராயருக்குப் போய்விடும். டிராயரில் தூங்கும் நிலை 2-ஐ விடக் கையில் இருக்கும் நிலை 1 மேல். உள்ளங்கையும் விரல் பக்கவாட்டும் ஆட்டுத் தோல், மேற்புறம் காற்று போகும் மெஷ், குட்டையான மணிக்கட்டு. தினசரி காலேஜுக்கு இது போதும். தேசிய நெடுஞ்சாலை 48-இல் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகிறவர்கள் மணிக்கட்டைத் தாண்டி ஜாக்கெட் கையை மூடும் நீளமானதை வாங்கலாம். சனிக்கிழமை ஆனால் ஏலகிரிக்குக் கிளம்பும் கூட்டத்துக்கும் அதைத்தான் சொல்வேன். 14 கொண்டை ஊசி வளைவுகளில் எதில் மணல் கிடக்கும் என்று யாருக்குத் தெரியும்? பின்னால் உட்காருகிறவருக்கும் இரண்டு கை உண்டு என்பதையும் மறந்துவிடாதீங்க.

சரி, வாங்கியாச்சு. நம்ம ஊரில் கிளவுஸுக்கு முதல் எதிரி வியர்வை. உப்பு தோலுக்குள் இறங்கி, காயும்போது நாரை விறைக்க வைக்கும். மாசம் ஒரு தடவையாவது ஈரத்துணியால் உள்ளும் புறமும் துடைங்க. ரொம்ப அழுக்கு என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்பு கொஞ்சம் கலந்து, கையில் மாட்டிக்கொண்டே கழுவலாம். டிடர்ஜென்ட் பவுடரும் வாஷிங் மெஷினும் வேண்டாம். ஈரக் கையோடு விரல் நுனியைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் லைனிங்கும் கூடவே வெளியே வந்துவிடும். மறுபடி உள்ளே தள்ளவே முடியாது. ஒவ்வொரு விரலாகத் தளர்த்திக் கழற்றுங்க.

காயவைப்பது நிழலில், காற்றில் மட்டும். வெயில், ஹேர் டிரையர், சூடான சைலன்சர் எதுவும் கூடாது. ஈரத் தோலைச் சூடாக்கினால் ஒரு கட்டத்தில் நார் சுருண்டு குறுகிவிடும், பிறகு மீளாது. குரோம் பதனிட்ட தோல் கிட்டத்தட்ட 100 டிகிரி வரை தாங்கும், பட்டையில் பதனிட்டது அதற்கு வெகு முன்பே சுருங்கிவிடும். சுருங்காவிட்டாலும் எண்ணெய்ப் பசை போய் விறைத்து வெடிக்கும். இன்னொரு காரணமும் இருக்கு. குரோம் தோலில் இருப்பது பெரிதாகத் தொல்லை தராத குரோமியம் 3. கடும் வெயிலும் சூடும் அதில் ஒரு பகுதியைக் குரோமியம் 6 ஆக மாற்றக்கூடும். தோல் அலர்ஜியைக் கொண்டுவருவது இந்த வகைதான். கைக்குப் படும் தோல் பொருட்களில் இது கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக்கூடாது என்ற ஐரோப்பிய ஒன்றிய விதி 2015-இல் நடைமுறைக்கு வந்தது. கிளவுஸ் மாட்டிய பிறகு கையில் அரிப்பும் தடிப்பும் வந்தால் அதைக் கழற்றி வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்க.

பாலாற்றங்கரைக்காரர்களுக்குப் பதனிடும் ரசாயனம் புதிதல்ல. டேனரிக் கழிவு குறித்த வேலூர் வழக்கில்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம் 'மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்' என்ற கோட்பாட்டை உறுதியாகச் சொன்னது. நம்ம கிணற்றுத் தண்ணீர் கொடுத்த விலையும் சேர்ந்துதான் ஒரு ஜோடி தோல் கிளவுஸ் ஆகுது. ஆறு மாசத்தில் குப்பைக்குப் போக விடாமல் ஐந்து வருஷம் ஓட்டலாமே.

"தேங்காய் எண்ணெய் தடவலாமா?" எல்லோரும் கேட்பது. வேண்டாம். டேனரியில் ஃபேட் லிக்கர் என்று நாருக்குள் சீராக இறங்கும்படி கொழுப்பை ஏற்கெனவே ஏற்றியிருப்பார்கள். அதில் குறைந்ததை ஈடுகட்ட, காய்ந்த பிறகு லெதர் கண்டிஷனர் க்ரீமை மெல்லிசாகத் தேய்த்தால் போதும். தேங்காய் எண்ணெய் அளவில்லாமல் இறங்கித் தோலைத் தொளதொளவென்று ஆக்கும், தூசியைப் பிடிக்கும், உள்ளங்கைப் பக்கம் பிரேக் லீவரில் வழுக்கும். ஷூ பாலிஷும் அப்படித்தான், கிரிப் எல்லாம் கறுப்பாகிவிடும். மழைக்காலத்தில் ஈரக் கிளவுஸைச் சுருட்டி ஹெல்மெட்டுக்குள் திணிக்காதீங்க. கிளவுஸில் பூஞ்சை பிடிக்கும், வெல்க்ரோ வைசரில் கோடு போடும்.

ஒரு தடவை விழுந்து தேய்ந்த கிளவுஸை மறுபடி நம்ப வேண்டாம், உள்ளே நார் எவ்வளவு போயிருக்கு என்று வெளியே தெரியாது. சும்மா போட்டுக் கழற்றியதில் தையல் மட்டும் விட்டிருந்தால் தைத்துக்கொள்ளலாம். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் தைக்கத் தெரிந்தவரைத் தேட வேண்டியதே இல்லை. கொடுக்கும்போது இரண்டு விஷயம் மட்டும் சொல்லிக் கொடுங்க: நைலான் நூல் போடணும், பழைய ஓட்டைகளிலேயே ஊசி இறங்கணும்.