மலை முகடும் ஒரு முழக் கம்பியும்

கையடக்க வானொலிக் கருவி வாங்குவோர் முதலில் கேட்பது, "எத்தனை வாட்?" என்பதே. பழனி மலைத் தொடரோ வேறு பாடம் கற்பிக்கிறது.

கோடைக்கானலின் உயரம் சுமார் 7,000 அடி. 'ஹாம்' எனப்படும் அமெச்சூர் வானொலி அன்பர்கள் இக்கருவியில் பயன்படுத்தும் 144–146 மெகாஹெர்ட்ஸ் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. ஆகவே சமவெளி தெரியும் பாறை விளிம்பில் நின்றால், ஐந்து வாட் கருவியே நெடுந்தூரம் பேசும். அதையே பள்ளத்துக்குக் கொண்டு போனால், எதிர்மலை பேச்சை மறித்துவிடும்.

கருவியுடன் வரும் குட்டை ரப்பர் ஏரியல் சட்டைப் பைக்குச் சௌகரியம், அலைக்கு அன்று. இரண்டு மீட்டர் அலைக்கு அதன் கால் பங்கு, அதாவது ஏறக்குறைய ஒரு முழக் கம்பி வேண்டும்.

இதை வெறும் பொழுதுபோக்கென்று எண்ணலாகாது. 2004 டிசம்பரில் சுனாமி அந்தமானைத் தாக்கித் தொலைபேசிகள் ஓய்ந்தபோது, போர்ட் பிளேரில் ஏற்கெனவே முகாமிட்டிருந்த பாரதி பிரசாத் குழுவினரின் ஹாம் நிலையம் செய்திகளைத் தாய்நாட்டுக்கு அனுப்பிற்று. பெருமழையில் பாதை சரிந்து கம்பிகள் அறுந்தால், நம் மலைக் கிராமங்களுக்கும் அந்நிலை நேரலாம். மத்திய அரசின் தேர்வில் தேறி உரிமம் பெற்றவர் ஊருக்கு ஒருவரேனும் இருத்தல் நலமென்று நாம் கருதுகிறோம்.