பெருங்கப்பலின் புகையும் எமது கடலும்

தேவேந்திரமுனைக்குத் தெற்கே கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் கப்பற்பாதை செல்கிறது. இரவில் அப்பக்கம் தொழிலுக்குப் போகும் மீனவர்கள் கப்பல் விளக்குகளை வரிசையாகக் காண்பார்கள். நமது பருப்பும் சீனியும் உரமும் கப்பலிலேயே வருகின்றன. ஆகவே கப்பல் வேண்டாம் என்று நாம் சொல்லமாட்டோம். அதன் புகையைப் பற்றியே இங்கு பேசுகிறோம்.

1897இல் ஜேர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரில் ருடொல்ப் டீசல் தமது எஞ்சினைப் பரீட்சித்தபோது, எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய 26 வீதம் வேலையாக மாறியது. அக்காலத்து நீராவி எஞ்சின்கள் பலவற்றில் இது பத்து வீதமளவே. 2006இல் 'எம்மா மேர்ஸ்க்' கப்பலில் பொருத்தப்பட்ட 14 சிலிண்டர் எஞ்சினின் நிறை ஏறக்குறைய 2,300 தொன்; வலு ஒரு இலட்சம் குதிரைவலுவுக்கு மேல். இவ்வகை எஞ்சின்கள் எரிபொருளின் சக்தியில் பாதியை வேலையாக்குகின்றன.

இந்த வெற்றிக்குள்ளேயே ஒரு தீங்கும் இருக்கிறது. சிக்கனத்துக்காக வெப்பத்தையும் அமுக்கத்தையும் கூட்டும்போது, காற்றிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து நைதரசன் ஒட்சைட்டுகளாகின்றன. இவை நுரையீரலைத் தாக்குபவை. மலிவான கழிவெண்ணெயை எரிப்பதால் கந்தகப் புகையும் சேர்கிறது. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என 2012இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் அறிவித்தது.

பரிகாரம் இல்லாமல் இல்லை. வயலுக்கு இடும் அதே யூரியாவைக் கரைத்துப் புகையில் தெளித்து, வினையூக்கி ஊடாகச் செலுத்தினால், நைதரசன் ஒட்சைட்டுகள் நைதரசனாகவும் நீராவியாகவும் மாறும். 2000ஆம் ஆண்டு முதல் கட்டப்பட்ட கப்பல்களின் மெதுவேக எஞ்சின்களுக்கு, ஒரு மின் அலகுக்குச் சமமான வேலைக்கு 17 கிராம் ஒட்சைட்டு அனுமதிக்கப்பட்டது. வட அமெரிக்கக் கரையோரத்தில், 2016 முதல் கட்டப்பட்ட கப்பல்களுக்கு அது 3.4 கிராம் மட்டுமே. பின்னர் பால்டிக் கடலும் வடகடலும் அப்பாதுகாப்பைப் பெற்றன. இந்து சமுத்திரத்துக்கு அது இல்லை. பரிகாரக் கருவி பூட்டிய கப்பலும் இங்கு வரும்போது அதனை நிறுத்தி வைக்கலாம்.

2020 சனவரி முதல் எரிபொருளின் கந்தக அளவு உலகெங்கும் 3.5 வீதத்திலிருந்து 0.5 வீதமாகக் குறைக்கப்பட்டது நல்லதே. ஆனால் புகையை நீரால் கழுவும் கருவி உள்ள கப்பல்கள் பழைய எண்ணெயையே எரிக்கலாம். அவற்றிற் பல கழுவிய நீரைக் கடலில் விடுகின்றன. ஆகாயத்துக்குப் போக வேண்டிய அழுக்கு மீனவனின் கடலுக்குப் போகிறது.

ஆகவே, எஞ்சின் தானாகத் திருந்துவதில்லை. சட்டம் கேட்கும் இடத்திலேயே திருந்துகிறது. பாதுகாப்பு வலயம் வேண்டுமெனில், கரையோர நாடுகளே ஆதாரத்துடன் சர்வதேச கடல்சார் அமைப்பிடம் விண்ணப்பிக்க வேண்டும். அக்கோரிக்கையை எமது கடற்றொழிலாளர் சங்கங்களும் பங்குச் சமூகங்களும் எழுப்பலாம். கடலை நம்பி வாழ்பவர்கள் கேட்காவிட்டால், அவர்களுக்காக வேறு யார் கேட்பார்?